இராகு காலத்துக்கு முன் நட்ட ஜூன்

நான் ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் ஒரு சாடிச் செடி பரிசளித்தார்கள். ஹொஸ்டா, அதிலும் ஜூன் என்ற இனம். நன்றி சொல்வதற்கு முதல் நான் செய்த வேலை, அதன் ஒவ்வோர் இலையையும் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்ததுதான். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் மேலாளர் தோருன் மட்டும் சிரிக்காமல் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிப் பார்த்தாய் என்று கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. இப்போதெல்லாம் ஹொஸ்டாக் கன்றுகள் ஆய்வுகூடத்துப் போத்தலில் முளைத்து, தட்டுத் தட்டாக லொறியில் வந்து இறங்குகின்றன. ஒரு பற்றையை, அடர்ந்து பெருகிய செடியை, மண்ணிலிருந்து கிளப்பிக் கத்தியால் பிரித்தவர்கள் அந்த மேசையில் நானும் தோருனும்தான். கதையில் பாதியை அங்கேயே சொன்னேன். மற்றப் பாதி நோர்வேஜிய மொழியில் எனக்கு வராது. இராகு காலம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கேக் முடிந்துவிடும். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

வேலை பழகிய கதை நீளமில்லை. வடக்கே ஒரு மீன் ஆலையில் நாலு வருஷம் மீன் வெட்டினேன். கணவருக்கு ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்ததும் குரோருட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். கொஞ்சம் மொழி வகுப்பு, கொஞ்சம் வேலைப் பழக்கம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டமொன்றில் தோட்டக்காரி ஆகிவிட்டேன்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் கிழமைக்கு ஐந்து நாள் சம்பளத்துக்குப் போனேன். கோயிலில், கலியாண வீட்டில் யாராவது கேட்டால் நகரத்துப் பூங்கா வேலை என்பேன். அது முழுப் பொய்யுமில்லை. பெரிய ஸ்புரூஸ் மரங்களும் மேப்பிள் மரங்களும், அவற்றின் கீழே நாள் முழுக்கக் கலையாத நிழலும் கொண்ட இடம் அது. வீட்டுக்கு வந்ததும் தலையில் வார்த்துவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் தொடுவேன். கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். சுடுதண்ணீர்ச் செலவைப் பற்றி மட்டும் எப்போதாவது முணுமுணுப்பார்.

அந்த நிழலில் புல் வராது, ரோசா வராது. வந்தது ஹொஸ்டாதான். அகன்ற இலையே அதன் அழகு. பூவை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவற்றில் எனக்குப் பிடித்தது ஜூன். இலையின் நடு மஞ்சள், ஓரம் நீலம் கலந்த பச்சை. வெளிச்சம் கொஞ்சம் கூடினால் மஞ்சள் வெண்ணெய் நிறத்துக்குப் போகும். நிழல் தடித்தால் எல்லாம் பச்சைக்குள் மெல்ல அமிழும். ஒரே பற்றையைக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் இரண்டு செடி என்று சத்தியம் பண்ணலாம். கோடைக் காலையில் பனி நனைத்த இலைகளுக்கு நடுவே முழந்தாளில் இருக்கும்போது, நேரம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. யாரோ கூப்பிட்டுத்தான் நான் எழும்பியிருக்கிறேன். பெரும்பாலும் தோருன்தான் கூப்பிடுவாள்.

தோருன் எனக்கு ஏழு வயது இளையவள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லமாட்டாள். முதலில் செடியைப் பார்ப்பாள், பிறகு உங்களைப் பார்ப்பாள், பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பாள். அதற்குள் கேட்டவருக்கே பதில் தெரிந்துவிடும். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏசுகிற மேலாளர் என்றால் எவ்வளவு சுகம் என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

பற்றை பிரிப்பது அவளுக்குப் பூசை மாதிரி. மே மாதத் தொடக்கத்தில் முளைகள் இரண்டு விரல் உயரத்துக்கு வந்ததும் தொடங்குவோம். ஒரு சாண் தள்ளி, மண் கிளறும் முள்ளுக் கரண்டியைச் சுற்றிவரக் குத்தி, பற்றையை முழுசாகக் கிளப்பவேண்டும். வேரை வாளித் தண்ணீரில் மண் போக அலசவேண்டும். முளைகள் அடியில் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்து, துண்டுக்கு மூன்று முளை வரும்படி வெட்டவேண்டும். வெட்டிய இடம் காயும்வரை நிழலில் வைத்துவிட்டு, முன்பிருந்த அதே ஆழத்தில் நடவேண்டும்.

கத்திக்குத் தனிச் சட்டம் இருந்தது. மரப்பிடி போட்ட பத்துக் கத்திகள் நீல வாளியில் இருக்கும். ஒரு பற்றைக்கு ஒரு கத்தி. வெட்டி முடிந்ததும் அது குளோரின் கலந்த சிவப்பு வாளிக்குள் போய்விடும். பத்தும் சிவப்பு வாளிக்குப் போனால் வேலை நிற்கும். அவற்றைத் தேய்த்து, சாமான்கள் வைக்கும் கொட்டிலில் இருந்த பழைய சட்டியில் கொதிக்க வைத்து, துணியில் வரிசையாகக் காயவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். சாற்றோடு ஒரு நோய் செடிக்குச் செடி போகிறதாம், எங்களிடம் இன்னும் வரவில்லையாம். வராத நோய்க்கு ஏன் இவ்வளவு ஆரவாரம் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் துடக்கு, தீட்டு என்று பார்ப்பது போல இவர்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் வாங்கி வந்த பெட்டியொன்றில் ஒரு ஜூன் மற்றவை போல இல்லாமல் இருந்தது. ஓரத்து நீலம் நரம்பு வழியே நடு மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. நனைந்த தாளில் மை பரவினால் எப்படியிருக்குமோ அப்படி. வெறும் நீல ஹொஸ்டா ஒன்றில் வித்தியாசமாய் வந்த ஒரு முளையிலிருந்துதான் ஜூன் இனமே பிறந்தது என்று தோருன் சொல்லியிருந்தாள். இதுவும் அப்படி ஒரு புதுப் பிறப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். கொட்டிலுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்து, ஒருவருக்கும் காட்டாமல் இரண்டு வருஷம் வளர்த்தேன். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அதற்குப் பெயரும் வைத்தேன். மாலா. என் பெயர்தான், வேறென்ன வைப்பேன்?

வாசுகி வந்தது அந்த இரண்டாம் வருஷத்து வசந்தத்தில். சிறு பிள்ளைகளின் வரிசையில் ஒரு மேப்பிள் மரத்தடியில் நின்றாள். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். நான் தொலைபேசியில் அக்காவோடு கதைத்துக்கொண்டு போனதைக் கேட்டு அப்படியே விறைத்துவிட்டாள். கிட்டப் போய், யாழ்ப்பாணமோ என்று கேட்டேன்.

“ஓம். அக்கா, நான் இஞ்சை வந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

“நானும் இஞ்சை வேலை செய்யிறதை ஒருத்தருக்கும் சொல்லிறேல்லை,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் பிள்ளை. இவள் ஆஸ்பத்திரியில் கிடக்க, கணவன் குகனும் மூன்று நாலு ஆண்களும் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தாய் அந்தப் பக்கம் போகக்கூடாது, போனால் மனம் ஆறாது என்று ஊரிலிருந்து பெரியவர்கள் சொன்னார்கள். குகன் கெட்டவனில்லை. சொன்னதைக் கேட்டு, அதோடு வாயை மூடிக்கொண்டான். வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பார்கள். அழாத பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் ஏது? கல்லும் இல்லை. இலக்கம் எழுதிய ஒரு மரக்கட்டை மட்டும் நின்றது.

லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. ஒன்றுவிட்ட திங்கட்கிழமை லீவு. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். மூன்றாம் தடவை வந்தபோது அங்கே ஏதாவது நடலாமா என்று கேட்டாள். நடலாம் என்றேன். எதை என்று கேட்கக் கூட இல்லை, நல்ல நேரம் பார்த்து நட வேண்டும் என்றுதான் சொன்னாள். கல்லறையில் நடுவதற்கு நல்ல நேரம் பார்க்கலாமோ கூடாதோ என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. எங்கள் இருவருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

திங்கட்கிழமை இராகு காலம் பகலின் இரண்டாம் கூறு. ஊரில் என்றால் ஒன்றரை மணித்தியாலம். ஒஸ்லோவில் மே மாதத்தில் பகல் நீளம், அதனால் இராகுவும் நீண்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே போய்விடுவார். விடிவது நாலரைக்கு. கோயிலில் வாங்கிய நோர்வேப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஆறரைக்கு முன் நட்டு முடிக்கவேண்டும். எங்கள் கொட்டில் திறப்பது ஏழு மணிக்கு. பூட்டின் திறப்பு தோருனிடம். கத்திகள் உள்ளே.

நான் வீட்டிலிருந்து வெங்காயம் வெட்டும் கத்தியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். வெயில் மரங்களின் உச்சியில் மட்டும் இருந்தது, கீழே எல்லாம் சாம்பல் கலந்த பச்சை. ஒரு மான் கல்லுகளுக்கு நடுவே நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனது. வாசுகி, விடிகாலை வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். பின்கட்டிலிருந்து என் மையோடிய ஜூனைக் கிளப்பி, அலசி, வெட்டி, மூன்று முளையுள்ள துண்டை அவள் கையில் கொடுத்தேன். கடையில் விற்காத, உலகத்தில் ஒன்றே ஒன்றான செடி என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். குழி தோண்டியதும் மண் போட்டதும் அவள்தான். ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

நல்ல நேரம் இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது. கத்தியும் கையில் இருந்தது. அன்றைக்குப் பிரிப்பதற்காகத் தோருன் குறித்து வைத்த ஏழு பற்றைகளையும் அந்தச் சந்தோஷத்தில் நானே கிளப்பி, அதே கத்தியால் வெட்டி முடித்தேன். இடையிடையே கத்தியைக் காற்சட்டையில் துடைத்தேன், அவ்வளவுதான். ஏழு மணிக்குத் தோருன் கொட்டிலைத் திறந்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். எட்டரைக்கு வந்து வெட்டிய துண்டுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தாள். கத்திகளுக்கு என்ன செய்தாய் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை கொட்டில் பூட்டுவதற்கு முதல் கத்திகளை வெளியே எடுத்து வைத்திருந்தேன், காலையில் வெட்டினேன், நீ திறந்ததும் கொதிக்க வைத்துப் பழையபடி வைத்துவிட்டேன் என்றேன். அவள் உள்ளே போய் எண்ணினாள். பத்தும் இருந்தன.

மூன்று கோடை போனது. அந்தத் துண்டுகள் பதினேழு கல்லறைகளில் பற்றையாகிவிட்டன. வாசுகி ஒன்றுவிட்ட திங்கள் தவறாமல் வந்தாள். பிள்ளைக்கு என்ன வயதாகியிருக்கும் என்பதை அவள் அந்த இலைகளில்தான் பார்த்தாள். இந்த வருஷம் நீலம் இன்னும் உள்ளே ஓடியிருக்கு, ஓடித் திரியிற வயசெல்லோ என்பாள். பக்கத்தில் குந்தியிருந்து நானும் ஓம் என்பேன். மேப்பிள் நிழல் எங்கள் மேலே அசைந்துகொண்டிருக்கும். என் வேலைக் காலத்தில் நான் அவ்வளவு நிறைவாக இருந்த நாட்கள் வேறில்லை என்று இப்போதும் சொல்வேன்.

நாலாம் வருஷம் தோருன் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள். வரும்போது சின்னப் பெட்டியொன்று கொண்டுவந்தாள். இலைத் துண்டொன்றைச் சிறு பையில் போட்டு, அதில் இருக்கும் நீரோடு நசுக்கி, ஒரு தாள் குச்சியை அதற்குள் விடவேண்டும். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு கோடு வந்தால் உண்டு. பிள்ளைத்தாய்ச்சியா என்று வீட்டில் பார்க்கிற குச்சியும் அப்படித்தான். கொட்டில் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். பதினேழிலும் இரண்டு கோடு வந்தது. வாசுகி நட்டதிலும், பின்கட்டில் நின்ற ‘மாலா’விலும் வந்தது.

மை ஓடியது போலத் தெரிந்ததுதான் அந்த நோயின் அடையாளம். சில செடி அதை வருஷக்கணக்காக வெளியே காட்டாது. நான் புதுப் பிறப்பு என்று கொண்டாடியது நோயை. அந்த ஏழு பற்றைகளுக்கும் அதைக் கொண்டுபோனது என் வெங்காயக் கத்தி.

தோருன் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள். நோய் வந்த பதினேழும் ஒரே நாளில் பிரித்தவை என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம் போதும். நான் எல்லாவற்றையும் சொன்னேன், இராகு காலத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டு, அந்தக் கத்தியை நாளைக்குக் கொண்டுவா என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டியில் போட்டு, பக்கத்திலேயே நின்று கொதிக்க வைத்து, துடைத்து, தாளில் சுற்றி என்னிடம் திருப்பித் தந்தாள்.

“கத்தியைக் கொதிக்க வைக்கலாம்,” என்றாள். “நீ அன்று என்னிடம் சொன்னதை என்ன செய்வது?”

அதன் பிறகு மூன்று வசந்தம், நான் கொதிக்க வைத்த கத்திகளை என் முன்னாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணினாள். நாலாம் வசந்தத்தில் எண்ணுவதை நிறுத்தினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன்.

அந்த நாலாம் வருஷத்துக்கே திரும்புகிறேன். செடிகள் எல்லாம் வேரோடு போகவேண்டும், எரிக்கவேண்டும், அந்த மண்ணில் கொஞ்சக் காலம் ஹொஸ்டா வைக்கக்கூடாது. கல்லறையில் கை வைப்பதென்றால் பொறுப்பாளருக்குக் கடிதம் போகும். பிள்ளையின் கல்லறைக்குப் பொறுப்பாளர் குகன். கடிதம் வீட்டுக்குப் போனால் வாசுகி வந்துபோனது எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த ஒரு கடிதத்தை மட்டும் நிறுத்திவை, நானே சொல்கிறேன் என்று தோருனைக் கேட்டேன். இரண்டு கிழமை தந்தாள்.

அடுத்த திங்கள் வாசுகி இலைகளை நிமிர்த்திவிட்டுக்கொண்டு இருந்தபோது சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று ரயிலில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தும், வாயில் வந்தது இதுதான்.

“வாசுகி, இந்த நீலம் வளர்ச்சியில்லை. வருத்தம். இதைக் கிளப்ப வேணும்.”

“இதையும் எடுக்கப் போறியளோ?”

அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எடுக்காவிட்டால் மற்றச் செடிகளுக்கும் போகும் என்றேன். அவள் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை. எப்போது வந்தது என்று கேட்டாள்.

“நான் உன்ரை கையிலை தரேக்கையே இருந்தது. எனக்குத் தெரியேல்லை. வடிவெண்டு நினைச்சுத் தந்தனான்.”

“பாத்தால் தெரியாதோ?”

“தெரியாது. சிலது உள்ளுக்கை வைச்சுக்கொண்டு வெளியிலை ஒண்டும் காட்டாதாம், காட்டினாலும் வடிவு மாதிரித்தான் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான், எனக்கே தெரியேல்லை.”

வாசுகி அந்த இலையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, செடியைப் பற்றியில்லாமல் வேறொன்றைச் சொன்னாள்.

“அண்டைக்கு நான் ரெண்டு சாமான் பை தூக்கினனான், அக்கா. மூண்டு மாடி. இவர் வேண்டாமெண்டு சொல்லியும் தூக்கினனான். காரணம் தெரியேல்லை எண்டுதான் டொக்டர்மார் சொன்னவை. நான் பையைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

நான்கு வருஷம் அந்த இரண்டு பைகளை அவள் கீழே வைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் மருத்துவரில்லை, அவளுக்கு விடுதலை கொடுக்க எனக்கு அதிகாரமுமில்லை. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால் கண்டிருக்க முடியாது, ஒருவராலும் கண்டிருக்க முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு ஏதாவது நடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கல் வைக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்றேன். அவரிடம் சொல்கிறேன் என்று எழும்பிப் போனாள்.

அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள். வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. குகன் நெடுத்த, ஒல்லியான மனிதன், மின்சார வேலைக்காரரின் உடுப்போடேயே வந்திருந்தான். எங்கே என்று என்னிடம்தான் கேட்டான். அவன் அங்கே வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பனிக்குள். இந்தப் பச்சைக்குள் அவனுக்கு இடம் பிடிபடவில்லை. காட்டினேன். மரக்கட்டை இலக்கத்தைக் குனிந்து வாசித்துவிட்டு, என் கையிலிருந்த முள்ளுக் கரண்டியை வாங்கினான். நான் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க, ஒரு சாண் தள்ளிச் சுற்றிவரக் குத்தி, பற்றையை உடையாமல் கிளப்பினான். வாசுகி பையைப் பிடித்தாள். வேர்த் துண்டுகளைக் கடைசி நூல்வரை விரலால் பொறுக்கியதும் அவன்தான்.

தோருன் கல்லுக்கான படிவத்தோடு வந்தாள். இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, பக்கத்துக் கல்லொன்றின் மேல் படிவத்தை வைத்து முதல் கட்டத்தில் பேனாவை ஊன்றினாள். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள்.

பெயர் இல்லை என்று அவளுக்குச் சொல்லுங்கோ அக்கா என்றாள் வாசுகி. நான் வாயைத் திறப்பதற்குள் குகன் பேசினான்.

“இருக்கு,” என்றான். “ஸ்கானிலை பொம்பிளைப் பிள்ளையெண்டு சொன்ன அண்டைக்கே வைச்சிட்டன். முப்பத்தோராம் நாள் உமக்குச் சொல்லுவமெண்டு இருந்தனான். ஆரணி.”

வாசுகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். தோருனுக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். குகன் சொன்னான். அவள் எழுதி, சரியா என்று உரக்க வாசித்தாள், பிழையாக. அவன் திருத்தினான். மறுபடி வாசித்தாள். மூன்றாம் தடவை கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

வாசுகி இவை ஒன்றையும் கேட்கவில்லை. வெறும் மண்ணுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து, தன் மகளை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.